கண்டலும் மருந்தும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உயர்தரம் படிக்கும்போது எங்கள் தாவரவியல் ரீச்சர் ஒருநாள் எங்களை மட்டக்களப்பு வாவிக்கரைக்குக் கூட்டிச் சென்றார். கண்ணா இலையொன்றைப் பிடுங்கித் தந்து, “நக்கிப் பாருங்க பிள்ளைகள்” என்றார். நாக்கில் உப்புக் கரித்தது. கண்ணா தான் உறிஞ்சிய உப்பை இலைவழியே வெளியேற்றுகிறது; கண்டல் அதைப் பெருமளவு வேரிலேயே தடுத்துவிடுகிறது. கண்டலின் மிண்டி வேர்களுக்கும் கண்ணாவின் சுவாச வேர்களுக்கும் இடையில்தான் இறால், நண்டு, மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. நம் வீட்டுக் கறிச்சட்டிக்கும் அந்தச் சேற்றுக்கும் உள்ள உறவு அதுதான்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். பருத்தி வலைகளின் காலத்தில் கண்டற் பட்டையை அவித்து வலைக்குச் சாயமேற்றினார்கள். அந்தப் பட்டையில் நிறைந்துள்ள தனின் துவர்ப்பானது. வயிற்றோட்டத்துக்கும் இரத்தக் கசிவுக்கும் பட்டைக் கசாயம் கொடுத்த வழக்கத்தின் அடிப்படையும் அந்தத் துவர்ப்பே. கண்டல் இனச் சாறுகள் எலிகளில் குருதிச் சீனியைக் குறைத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் எலியில் கண்டது மனிதருக்கான மருந்தாக இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன், சலரோகம் உள்ள ஓர் அம்மா குளிசையை நிறுத்திவிட்டு மூன்று மாதம் கண்டற் பட்டைக் கசாயம் குடித்திருந்தார். காற்புண்ணோடு வந்தார், ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. “ஏன் அம்மா முதலே சொல்லல்ல?” என்றேன். “நீங்க கேட்கல்லையே டொக்டர்” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொருவரிடமும் என்ன கசாயம் குடிக்கிறீர்கள் என்று கேட்கிறேன். நீங்களும் உங்கள் வைத்தியரிடம் மறைக்காதீர்கள்.

தில்லையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த அதே மரம் நம் வாவிக்கரையிலும் நிற்கிறது. அதன் வெண்பால் தோலைக் கொப்புளமாக்கும். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம். பட்டுவிட்டால் கசக்க வேண்டாம். தாய்ப்பாலோ எண்ணெயோ விட வேண்டாம். சுத்தமான தண்ணீரால் இருபது நிமிடமாவது விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நம் கண்டற் காடுகள் யுத்த காலத்தில் வெட்டப்பட்டன. இறால் பண்ணைகளுக்காகவும் அழிக்கப்பட்டன. 2004 சுனாமிக்குப் பிறகு பலரும் நல்ல மனத்தோடு கன்றுகள் நட்டார்கள். 2017இல் வெளியான ஆய்வொன்று இலங்கையில் அப்படி நட்ட 23 இடங்களைப் பார்த்தது. 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பொருந்தாத இனம், பொருந்தாத நீர்மட்டம், நட்டபின் கவனிப்பின்மை, மாடு மேய்தல் என்பன முக்கிய காரணங்கள்.

நூற்றாண்டு நினைவாக நூறு கன்றுகள் நடுவதென்று சங்கம் தீர்மானித்திருக்கிறது. மகிழ்ச்சி. ஆனால் நட்டுப் படம் எடுத்துவிட்டுத் திரும்புவது, மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு நோயாளியை மறப்பது போன்றது. எங்கே எந்த இனம் தானாக முளைக்கிறது, நீர் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அங்குள்ள மீனவரிடம் முதலில் கேட்போம். சில இடங்களில் அடைபட்ட நீரோட்டத்தைத் திறந்துவிட்டாலே போதும். வித்துகள் மிதந்து வந்து தாமே வேர்விடும்.

வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கன்று வாங்கப் பணம் எளிதில் சேரும். வேலி போடவும், ஐந்து வருடம் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கவும் உதவுங்கள். ஆண்டுதோறும் யூலை 26, உலகக் கண்டல் தினத்தில், ஒரு வகுப்புத் தொகுதி போய்க் கன்றுகளை எண்ணி, இறந்தவற்றையும் சேர்த்து, மலரில் அறிவிக்கட்டும். முதலாம் ஆண்டுக் கணக்கை எங்கள் தொகுதி பொறுப்பேற்கிறது.

அன்று வாவிக்கரையில் எங்களுக்கு இலை பிடுங்கித் தந்த ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், அடுத்த யூலையில் எங்களோடு கரைக்கு வர வேண்டும்.