பத்து சதவிகிதம் எப்படி இரண்டு மடங்கானது?

(இளைஞர்கள், வியாபாரிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஓர் இளைஞர் என்னை நிறுத்தினார். "ஹஜ்ரத், என் மாமா அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். 2026ஆம் ஆண்டுக்கு அங்கே மருத்துவ இன்ஷூரன்ஸ் சராசரியாக 10.3 சதவிகிதம் கூடுகிறது என்று அறிவித்தார்கள். மாமா கட்டும் தொகையோ கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. இதில் யார் பொய் சொல்வது?" என்று கேட்டார்.

யாரும் பொய் சொல்லவில்லை. அறிவிக்கிற விலை வேறு, நம் கையிலிருந்து போகிற பணம் வேறு. வியாபாரிகளாகிய உங்களுக்கு இது புரியாததல்ல.

இன்ஷூரன்ஸ் கூடுமா, கூடாதா என்பது தனித் தலைப்பு. இன்று அதற்குள் நான் போகவில்லை. 2020 முதல் அந்த மாநிலத்தில் இன்ஷூரன்ஸ் இல்லாதவர், விதிவிலக்கு இருந்தாலொழிய, மாநில வரியோடு அபராதமும் கட்ட வேண்டும். எனவே கணக்கை மட்டும் பார்ப்போம்.

கடைக்காரருக்கு முதலாளி ஏது?

அமெரிக்காவில் உழைக்கும் வயதில் உள்ள பெரும்பாலோருக்கு வேலை கொடுத்த நிறுவனமே இன்ஷூரன்ஸ் எடுத்துத் தருகிறது. 65 வயதானவர்களுக்கும் ஏழைகளுக்கும் அரசுத் திட்டங்கள் உள்ளன. இடையில் மாட்டிக்கொள்பவர் யார்? கடைக்காரர், டாக்ஸி ஓட்டுபவர், சொந்தத் தொழில் செய்பவர்!

இவர்களுக்காகத்தான் ஒபாமா ஆட்சியில் 2010ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி 2013 அக்டோபரில் இன்ஷூரன்ஸ் சந்தைகள் திறக்கப்பட்டன. கலிபோர்னியாவின் சந்தைக்குப் பெயர் 'கவர்டு கலிபோர்னியா'. 2025ல் ஏறத்தாழ 20 லட்சம் பேர் அதில் இருந்தார்கள்.

நோயாளி என்பதற்காக அங்கே கூடுதலாக வாங்க முடியாது. ஆனால் வயதுக்கு ஏற்ப வாங்கலாம். 21 வயது இளைஞரைப் போல மூன்று மடங்கு வரை 64 வயதுக்காரர் கட்ட நேரிடும். ஊருக்கு ஊரும் மாறும். மாநிலத்தை 19 பகுதிகளாகப் பிரித்து விலை வைக்கிறார்கள்.

ஏறியதும் இறங்கியதும் ஏன்?

சராசரி உயர்வைப் பாருங்கள். 2015ல் 4.2 சதவிகிதம். 2016ல் 4. 2017ல் திடீரென 13.2! அந்த ஆண்டு நோய் பெருகிவிட்டதா? இல்லை. சிகிச்சைச் செலவு கூடியது ஒரு காரணம். கம்பெனிகளின் நஷ்டத்தைத் தாங்க மத்திய அரசு வைத்திருந்த தற்காலிக ஏற்பாடுகள் 2016 முடிவோடு நின்றது மற்றொரு காரணம். 2019ல் 8.7 சதவிகிதம் ஏறியது. இன்ஷூரன்ஸ் எடுக்காதவர்களுக்கான மத்திய அபராதம் அந்த ஆண்டு முதல் பூஜ்யமானதும் அதற்குக் காரணம். அபராதம் இல்லையென்றால் ஆரோக்கியமானவர் விலகுவார், நோயாளிகள் மட்டும் மிஞ்சுவார்கள், விலை ஏறும்.

மாநில அரசு சும்மா இருக்கவில்லை. 2020ல் தானே அபராதத்தையும் கூடுதல் மானியத்தையும் கொண்டுவந்தது. 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் சராசரி உயர்வு 1 சதவிகிதம்கூட இல்லை! அதன் பிறகு மருத்துவச் செலவுகள் மீண்டும் ஏற, 2024ல் 9.6, 2025ல் 7.9, 2026ல் 10.3 என்று ஆனது.

சூட்சுமம் மானியத்தில்

இவை எல்லாம் கம்பெனி எழுதும் விலை. வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை முழுதாகக் கட்டுவதில்லை. 'சில்வர்' வகைத் திட்டங்களில் இரண்டாவது குறைந்த விலைத் திட்டத்தை அளவுகோலாக வைத்து, "உன் வருமானத்தில் இத்தனை சதவிகிதம் நீ கட்டு, மீதி என் பொறுப்பு" என்று மத்திய அரசு மானியம் தருகிறது.

2017 அக்டோபரில், ஏழைகளின் சிகிச்சைச் செலவைக் குறைக்கக் கம்பெனிகளுக்குத் தந்துவந்த பணத்தை டிரம்ப் அரசு நிறுத்தியது. கலிபோர்னியா என்ன செய்தது? அந்தச் சுமையைச் சில்வர் திட்டங்களின் மேல் மட்டும் ஏற்றியது. சில்வர் விலை ஏறியதும் அதோடு சேர்ந்து மானியமும் ஏறியது! எழுதிய விலை கூடியது, மானியம் பெற்றவரின் கைப்பணம் தப்பியது.

2026ல் நடந்தது இதற்கு நேர் எதிர். 2021ல் கொண்டுவந்த கூடுதல் மானியம், யாருமே வருமானத்தில் 8.5 சதவிகிதத்துக்கு மேல் அந்த அளவுகோல் திட்டத்துக்குக் கட்ட வேண்டியதில்லை என்றது. அது 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. காங்கிரஸ் அதற்குள் நீட்டிக்கவில்லை. பழைய விதி திரும்பியது. தனி நபரின் வருமானம் 62,600 டாலரைத் தாண்டினால் மானியம் அறவே இல்லை!

கணக்குப் போடுங்கள். தனியாக இருக்கும் ஒரு கடைக்காரரின் வருமானம் 63,000 டாலர். 2025ல் அவர் பங்கு அதிகபட்சம் ஆண்டுக்கு 5,355 டாலர். 2026ல் முழு விலையும் அவர் தலையில். பக்கத்துக் கடைக்காரரின் வருமானம் 62,000. அவர் 9.96 சதவிகிதம், அதாவது சுமார் 6,175 டாலரோடு தப்பிக்கிறார். ஆயிரம் டாலர் கூடுதலாகச் சம்பாதித்தவர், குறிப்பாக அறுபதைத் தொட்டவர், பல ஆயிரம் டாலரை இழக்கிறார். மிகக் குறைந்த வருமானத்தாருக்காக மாநில அரசு 19 கோடி டாலர் ஒதுக்கியது. நடுத்தரக் கடைக்காரருக்கு அதில் பங்கில்லை.

என்ன செய்ய வேண்டும்?

இளைஞர்களே! அங்கே உறவினர் இருந்தால் மூன்று விஷயங்களை எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்று, பழைய திட்டம் தானாகப் புதுப்பிக்கப்படட்டும் என்று விட்டுவிடாதீர்கள். ஆண்டுதோறும் நவம்பரில் பதிவு தொடங்கும்போது எல்லாத் திட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டு, கணக்கைச் சுத்தமாக எழுதுங்கள். வருமானம் என்பது கல்லாவில் விழுந்த பணமல்ல; சட்டம் அனுமதிக்கும் செலவுகளைக் கழித்த லாபம். எழுதாத செலவு உங்களை எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும். அதற்காகப் பொய்க் கணக்கு எழுதுவது நமக்கு ஆகாது.

மூன்று, வருமானம் மாறினால் உடனே தெரிவியுங்கள். 2026 வரி ஆண்டு முதல், கூடுதலாக வாங்கிய மானியத்தை முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டும் என்று 2025ல் சட்டம் வந்துவிட்டது. முன்பு குறைந்த, நடுத்தர வருமானக்காரருக்கு இருந்த உச்சவரம்பு இப்போது இல்லை. டிசம்பரில் நல்ல வியாபாரம் நடந்ததென்று மகிழ்பவர், வரிக் கணக்கு முடிக்கும்போது அழ நேரலாம்.

சகோதரர்களே! ஒரு சதவிகிதத்தை யாராவது உங்கள் முன் வைத்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். எதன் மேல் இந்தச் சதவிகிதம்? என் கையிலிருந்து எவ்வளவு போகிறது? அந்தக் கடைக்காரரின் இரண்டு மடங்கைத் தீர்மானித்தது ஆஸ்பத்திரி மட்டுமல்ல, சட்டமன்றமும்தான். அந்தச் சட்டம் காலாவதியாகும் தேதி 2022லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எத்தனை பேர் படித்தோம்?

படியுங்கள். கேளுங்கள். மற்றவருக்கும் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.