தீவனத்தில் மிச்சம் யாருக்கு?



பாணேரின் உணவகங்களுக்கு வந்து சேரும் கறிக்கோழி, ஏறத்தாழ நாற்பது நாளில் இரண்டு கிலோ எடையை எட்டிவிடுகிறது. அதன் உற்பத்திச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்திற்கே போகிறது. தீவனத்தின் பெரும்பகுதி மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும்தான். எத்தனால் ஆலைகள் மக்காச்சோளத்தை விழுங்கத் தொடங்கிய பின், வேளாண் துணைப்பொருள்களை மாற்றுத் தீவனமாக்கும் பேச்சு வலுத்துள்ளது.

மாட்டுக்கு ஏற்றதெல்லாம் கோழிக்கு ஏற்றதன்று. அசைபோடும் வயிறு அதற்கில்லை. நார் மிகுந்தால் செரியாது. தவிட்டின் பாஸ்பரஸ் பைட்டிக் அமிலத்தில் சிறைப்பட்டிருப்பதால், பைட்டேஸ் நொதி சேர்க்க வேண்டும். விதர்பாவின் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கில் காசிபால் என்னும் நச்சு உண்டு. எத்தனால் வடித்தபின் எஞ்சும் தானியச் சக்கையில் புரதம் மிகுதி. ஆனால் தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்திருப்பின், சக்கையில் அது ஏறத்தாழ மும்மடங்காகச் செறிகிறது. ஆகவே சோதித்து, அளவோடுதான் கலக்க இயலும்.

அந்த அளவை முடிவு செய்பவர் யார்? 1971இல் பி.வி. ராவ் நிறுவிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸின் தலைமையகம் புனேயில்தான் உள்ளது. புனே முதல் பல்லடம் வரை இத்தொழிலில் ஒப்பந்த வளர்ப்பு பரவியுள்ளது. குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் வளர்ப்பவருடையவை. கூலி எடைக்கு. ஒரு கிலோ எடைக்குச் செலவான தீவனம் கூடினால் கூலி குறையும். தீவனக் கலவையில் வளர்ப்பவருக்கு எந்தச் சொல்லுரிமையும் இல்லை. மலிவான சக்கை அளவுக்கு மீறிக் கலக்கப்பட்டு வளர்ச்சி தாழ்ந்தால், மிச்சம் ஆலைக்கு, பிடித்தம் வளர்ப்பவருக்கு.

சோயா விவசாயியின் கதையும் இதனோடு பிணைந்தது. 2021 ஆகஸ்டில், அறுவடைக்குச் சற்று முன்னர், 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்தது. சோயா விலை சரிந்தது. 2024இல் குவிண்டாலுக்கு 4,892 ரூபாய் ஆதரவு விலை அறிவிக்கப்பட்டும், மராத்வாடாச் சந்தைகளில் சோயா அதற்குக் கீழேயே விலைபோனது. எத்தனால் சக்கை சோயாப் பிண்ணாக்கின் இடத்தைப் பிடித்தது அதற்கு ஒரு காரணம். தீவனம் மலிந்தது, வளர்ப்புக் கூலி அதற்கேற்ப உயரவில்லை.

மூட்டைதோறும் கலவை விவரம் அச்சிடப்பட வேண்டும். ஒவ்வொரு சுமையிலிருந்தும் எடுக்கும் மாதிரி அரசு ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, அதன் முடிவு கூலிக் கணக்கில் ஏற வேண்டும். சோயா விவசாயியும் கோழி வளர்ப்பவரும் பங்காளிகளாக இருக்கும் கூட்டுறவுத் தீவன ஆலை மகாராஷ்டிரத்தில் இயலாததன்று. ஆனால் இங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் காலப்போக்கில் யார் கைக்குப் போயின என்பதையும் தோழர்கள் அறிவார்கள்.