மண் பிசையக் கற்றேன்

(கற்போர் கூட்டம் ஒன்றில் எழுத்தறிவுத் தொண்டர் ஒருவர் பேசியது)

 

எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. என் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். இங்கே இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தொண்டை வறள்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு மண் குடிசை கட்டினேன். அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

எங்கள் ஊர் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறையைத் தாண்டிப் போக வேண்டும். மாநிலம் கேரளம் என்றாலும் எங்கள் வீடுகளில் பேசுவது தமிழ்தான். கேரளத்தில் கரிசல் மண் என்றால் எங்கள் சித்தூர்ப் பக்கத்தைத்தான் சொல்வார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். அந்தக் கரிசல் மண்தான் என்னைக் கவிழ்த்தது.

1991 ஏப்ரல் 18-ஆம் தேதி, கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். நான் அப்போது பிறக்கவே இல்லை. ஆனால் அன்றைக்கு விடுபட்டுப் போனவர்கள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் நான் வகுப்பு எடுக்கிறேன்.

நான் பத்தாம் வகுப்பு தேறியவள். பன்னிரண்டில் இரண்டு பாடம் போய்விட்டது. அதன் பிறகு இரண்டு வருடம் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. கல்யாண வீட்டுக்குக்கூடப் போக மாட்டேன். "இப்போ என்ன படிக்கிறே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே! 2022-இல் வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள். போனேன். உண்மையைச் சொல்கிறேன், தொண்டு செய்யும் ஆசையில் போகவில்லை. எழுத்துத் தெரியாதவர்கள் முன்னால் நின்றால் என் தலை கொஞ்சம் நிமிரும் என்று போனேன்.

எங்களுக்கு வகுப்பு நடத்த இடம் இல்லை. ஒரு கடைத் திண்ணையில் ராத்திரி ஏழு மணிக்கு உட்காருவோம். எதிரே டீக்கடை. "பேரன் எடுத்த வயசிலே பள்ளிக்கூடமா?" என்று சிரிப்பார்கள். நம் பெண்கள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு எழுதுவார்கள். யாராவது வந்தால் நோட்டை முந்தானைக்குள் மறைப்பார்கள்.

அந்த வகுப்பில் ஒரு பெரியம்மா இருந்தார். வயது அறுபதுக்கு மேல். கடலைக்காடு, களையெடுப்பு, கட்டட வேலையில் சித்தாள் என்று உழைத்த உடம்பு. அவருக்கு 'இ' எழுத வராது. சுழியை எங்கே தொடங்குவது என்று குழம்பிப்போவார். ஒரு நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "எத்தனை தடவை சொல்றது?" என்று சத்தம் போட்டேன். டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. நோட்டை மடித்து வைத்தார். மறுநாள் அவர் வரவில்லை. அவரோடு வருகிற இரண்டு பேரும் வரவில்லை.

'இடம் இல்லாததால்தான் இப்படி ஆச்சு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் உண்டு. பழைய மண் வீடு நின்ற இடம் அது. அரசு உதவியில் கான்கிரீட் வீடு கட்டியபோது அதை இடித்துவிட்டோம். அன்றைக்கு அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். மண் வீட்டுப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல எனக்கு அவ்வளவு கூச்சம்.

நூலகத்தில் லாரி பேக்கர் எழுதிய சிறு புத்தகம் ஒன்று கிடைத்தது. அவர் இங்கிலாந்தில் 1917-இல் பிறந்தவர். கட்டடக் கலைஞர். இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகவே ஆனார். 2007-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். செலவு குறைந்த வீடுகளைக் கேரளமெங்கும் கட்டிக் காட்டியவர் அவர். புத்தகங்களில் அவரே படம் வரைந்து, கையெழுத்திலேயே எழுதியிருப்பார். எனக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் படத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். 1940-களில் பம்பாயில் காந்தியைச் சந்தித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். வீடு கட்டுகிற இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னாராம்.

ஐந்து மைல் எதற்கு? எனக்கு ஐந்து அடியிலேயே மண் இருக்கிறதே என்று தோன்றியது. 2023 மார்ச் மாதம் வேலையைத் தொடங்கினேன். "இருந்த மண் வீட்டை இடிச்சுட்டுத்தானே இதைக் கட்டினோம்? மறுபடியும் மண்ணா?" என்று அப்பா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பக்கத்துக் காட்டுக் கரிசல் மண்ணை வெட்டிக் குழைத்தேன். நானும் தம்பியும் இடுப்பளவு சுவர் வைத்துவிட்டோம். பெருமையாகத்தான் இருந்தது.

நான்கு நாள் வெயில் அடித்தது. சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதைப் பூசி மறைத்தேன். ஏப்ரலில் ஒரு கோடை மழை. காலையில் எழுந்து பார்த்தால் ஒரு பக்கம் உப்பிச் சரிந்து கிடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு, வகுப்பு எடுத்தது, இப்போது இதுவும் என்று எண்ணிக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு அந்தப் பெரியம்மா அந்த வழியாக வந்தார். கட்டை இறக்கி வைத்தார். சரிந்த மண்ணில் ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இது பருத்திக்கு ஆகிற மண்ணு. செவுத்துக்கு ஆகாது. தண்ணி பட்டா உப்பும், காஞ்சா வெடிக்கும்."

"புத்தகத்திலே பக்கத்து மண்ணுன்னு போட்டிருந்துச்சு பெரியம்மா."

"எந்த மண்ணுன்னு போடலையா?"

போட்டிருந்தார்கள். நான்தான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டியிருந்தேன்.

மேட்டில் ஒருவர் கிணறு வெட்டிய செம்மண் குவிந்து கிடந்தது. பெரியம்மா அங்கே கூட்டிப் போனார். மேல்மண் ஆகாது, வேரும் மக்கிய இலையும் இருக்கும், அடிமண்தான் வேண்டும் என்றார். ஒரு பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரல் தடிமனில் கயிறு போல உருட்டினார். உள்ளங்கையிலிருந்து மெல்லத் தள்ளினார். தொங்கிய துண்டு ஒரு விரல் நீளத்தில் ஒடிந்து விழுந்தது. உடனே ஒடிந்தால் மணல் அதிகம். ஒடியாமல் நீளமாகத் தொங்கினால் களி அதிகம். இது சரியாக இருக்கிறது என்றார்.

நான் புத்தகத்தில் பார்த்ததை அவருக்குச் செய்து காட்டினேன். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி வைத்தால் மணல் உடனே அடியில் தங்கும். அதன் மேல் வண்டல். களி தெளிய ஒரு நாள் ஆகும். மறுநாள் பாட்டிலைப் பார்த்தோம். பெரியம்மா கையால் சொன்னதைத்தான் பாட்டிலும் சொன்னது. அவர் அந்தப் பாட்டிலை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம் கரிசல் பூமி. அதனால் அடித்தளத்தை ஏமாற்ற முடியாது. இரண்டு அடி தோண்டி, கரிசலை வாரி வெளியே போட்டு, மணல் நிரப்பினோம். அதன் மேல் கருங்கல். தரைக்கு மேலும் ஒன்றரை அடி கல்தான். தேங்கும் தண்ணீரும் தெறிக்கும் தண்ணீரும் மண் சுவரைத் தொடக் கூடாது. கல் வேலைக்கு மட்டும் ஒரு மேஸ்திரி வந்தார்.

குடிசையை வட்டமாக வைத்தோம். வட்டத்துக்கு மூலை கிடையாது. முதலில் வெடிப்பது மூலைதான். குஜராத்தில் கட்ச் பக்கம் புங்கா என்று வட்டமான மண் வீடுகள் உண்டு. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் எத்தனையோ கட்டடங்கள் விழுந்தபோது, நன்றாகக் கட்டிய புங்காக்கள் பல நின்றன. வட்டம் போட நடுவில் ஒரு முளை அடித்து, ஐந்து அடிக் கயிறு கட்டிச் சுற்றினோம். குறுக்கே 10 அடி. சுற்றளவு எவ்வளவு என்று வகுப்புப் பெண்கள் கயிற்றால் அளந்தார்கள். 31 அடி 5 அங்குலம் வந்தது. குறுக்களவைப் போல மூன்று மடங்கும் கொஞ்சமும். அந்தக் கொஞ்சத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். திண்ணையில் இருந்தபோது இப்படி ஒரு கணக்கு வகுப்பு நடந்ததே இல்லை. ஆமாம், வராமல் போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பாடத்துக்கு இல்லை, மண் மிதிக்க!

மண் மிதிப்பதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ராத்திரி மண்ணை ஊறப் போடுவோம். காலையில் வைக்கோலைச் சாண் நீளத்துக்கு நறுக்கித் தூவி, காலால் மிதிப்போம். வைக்கோல்தான் வெடிப்பைத் தடுக்கும். மிதித்த மண்ணைத் தேங்காய் அளவு உருண்டையாக்கி, சுவரில் ஓங்கி வைத்து அழுத்த வேண்டும். என் உருண்டை ஒட்டாது. உதிரும், அல்லது வழியும். பெரியம்மா என் கை மேல் தன் கையை வைத்தார். "விரல்லே அமுக்காதே கண்ணு. உள்ளங்கையிலே அமுக்கு." செய்தேன். தப்பு. பிய்த்து என் கையில் திரும்பக் கொடுத்தார். மறுபடியும் தப்பு. மறுபடியும் கொடுத்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணினேன். அவர் எண்ணவில்லை.

மறுநாள் மண் மிதிக்கும்போது சொன்னேன். "அன்னைக்கு நான் சத்தம் போட்டது தப்பு பெரியம்மா."

"காலை மாத்தி மிதி கண்ணு. வைக்கோல் சேரலே" என்றார்.

ஒரு நாளைக்கு ஓர் அடி உயரம்தான் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் கீழே பிதுங்கும். பிறகு நான்கு நாள் காய வேண்டும். அடுத்த அடுக்கு வைக்கும் முன் மேல்பக்கத்தைக் கொத்தி, தண்ணீர் தெளிக்க வேண்டும். எனக்கு எதற்கும் அவசரம். காத்திருக்கிற அந்த நான்கு நாள்தான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அந்த நாட்களில் நாங்கள் பாடம் படித்தோம்.

ஒரு நாள் பெரியம்மா சொன்னது இது: "நாப்பது வருசம் தலையிலே கலவை சுமந்தேன். ஒரு நாளாவது கரண்டியைக் கையிலே கொடுத்தாங்களா? அது ஆம்பளை வேலையாம்." சுவர் எப்படி எழும்புகிறது என்று சுமந்தபடியே பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். கூலியிலும் பாதி. எங்கள் குடிசைச் சுவருக்கு அவர்தான் மேஸ்திரி. கல் வைக்க வந்த மேஸ்திரியே ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "கையிலே நல்ல அளவு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியம்மா அன்றைக்கு முழுக்க வேகமாக வேலை செய்தார்.

கூரைக்குப் பனை. எங்கள் ஊரில் பனைக்குப் பஞ்சமில்லை. முற்றிய பனையைப் பிளந்து சட்டம் போட்டு, ஓலை வேய்ந்தோம். சரிவு நன்றாக இருக்க வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. தாழ்வாரம் இரண்டரை அடி வெளியே நீட்டியிருக்கிறது. பாதி வேயும்போதே ஜூன் மழை வந்துவிட்டது. ராத்திரியில் ஓடிப்போய்ச் சுவர்த் தலையில் ஓலையும் பிளாஸ்டிக் தாளும் போட்டோம். அப்பாவும் வந்தார். ஒன்றும் பேசாமல் கல்லைத் தூக்கி ஓலை மேல் வைத்தார். சுவர் நின்றது.

மண் கட்டடத்தைப் பற்றி ஆகா ஓகோ என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அதில் ஒரு மழைக்காலம் படுத்திருக்க மாட்டார்கள். கரையான் வரும். தேள் வரும். ஓலையைச் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தீக்குப் பயப்பட வேண்டும். அதனால் உள்ளே விளக்கேற்றுவதில்லை, பேட்டரி விளக்குத்தான். வருடா வருடம் பூச வேண்டும். அந்தப் பூச்சு வேலை எப்போதும் பெண் தலையில்தான் விழும். எங்கள் பாட்டி கான்கிரீட் வீட்டைக் கேட்டது தப்பே இல்லை. கையால் கட்டினால் செலவே இல்லை என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். மண் சும்மா வந்தது. கல், மரம், ஓலை, டிராக்டர் வாடகை, எல்லாவற்றுக்கும் காசு ஆனது. ஆனால் ஏப்ரல் மாதம் மத்தியானம் எங்கள் கான்கிரீட் வீட்டில் உட்கார முடியாது. அப்பா இப்போது குடிசையில்தான் படுக்கிறார்.

கடைசியில் பூச்சு. செம்மண்ணைச் சலித்து, மணலும் சாணமும் சேர்த்துச் சில நாள் ஊற வைத்துப் பூசினோம். ஈரம் காய்வதற்குள் பெரியம்மா ஆள்காட்டி விரலால் சுவரில் 'இ' எழுதினார். சுழி சரியாக வந்தது. பக்கத்தில் இன்னொன்று எழுதினார். அது கோணிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. அவரே உள்ளங்கையால் தடவி அழித்தார். மறுபடி எழுதினார். அந்த இரண்டு 'இ'யும் கதவுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கின்றன. பூசும்போது அந்த இடத்தை மட்டும் விட்டுவிடுகிறோம்.

வகுப்பு இப்போது அங்கேதான் நடக்கிறது. யாரும் நோட்டை மறைப்பதில்லை. எனக்குப் போன இரண்டு பாடத்தில் ஒன்றைத் திரும்ப எழுதித் தேறிவிட்டேன். ஒன்று பாக்கி. கல்யாண வீட்டில் கேட்டால் அப்படியே சொல்கிறேன்.

பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை இந்த வருடப் பூச்சு. பக்கத்து ஊர்த் தோழர்கள் வரலாம். பழைய துணி உடுத்தி வாருங்கள். ஆளுக்கு ஒரு சட்டியும், முடிந்தால் ஒரு கட்டு வைக்கோலும் கொண்டு வாருங்கள். காலை ஏழு மணிக்கு மண் மிதிக்கத் தொடங்கிவிடுவோம். அன்றைக்குப் பாடம் எடுப்பது பெரியம்மா. நேரத்துக்கு வந்துவிடுங்கள், தாமதமாக வந்தால் அவருக்குப் பிடிக்காது.