முதல் கிளாஸை நீட்டியது யார்?

கதிரவெளித் தாய்மாரே, ஐயாமாரே, பின்னால் மதிலோரம் சைக்கிளில் சாய்ந்து நிற்கிற தம்பிமாரே!

மார்கழி லீவு விட்டாயிற்று. வாடைக்காற்றுக் காலம், கடல் கொந்தளிக்கிறது, தோணி கரையில் கிடக்கிறது. தகப்பனும் வீட்டில், பிள்ளையும் வீட்டில். நத்தார் வருகிறது, 31ஆம் திகதி இரவு வருகிறது. "பொடியன்கள் கெட்டுப் போறாங்கள், ரெண்டு புத்தி சொல்லுங்கோ" என்றுதான் என்னை இந்த மேடையில் ஏற்றினீர்கள். பொடியன்களிடம் பிறகு வருகிறேன். முதலில் உங்களிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

போன வருடம் ஒரு கொண்டாட்ட வீடு. பந்தலுக்குப் பின்னால் பெரியவர்கள் நாலு பேர் இருந்தார்கள். பதினாலு வயதுப் பிள்ளை ஒருவனைக் கடைக்கு அனுப்பினார்கள்: சோடா, மிக்சர், சிகரெட். வாங்கி வந்தவனிடம் மாமன் கிளாஸின் அடியில் மிஞ்சியதை நீட்டி, "ஆம்பிளைப் பிள்ளைதானே, ருசி பார்" என்றார். பிள்ளை தாயைத் தேடிப் பார்த்தான். தாய் அடுப்படியில். குடித்தான், முகம் கோணினான், சேட்டுக் கொலரால் வாயைத் துடைத்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் அங்கேதான் நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. அது இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

அந்தப் பிள்ளையைக் கெடுத்தது கொழும்பா? டெலிபோனா? மாமன்!

21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரெட்டோ விற்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பூரணைக்குச் சாராயக் கடை பூட்டு. முதல் நாளே போத்தலை வாங்கி அடுக்கி, கூடின விலைக்கு வீட்டில் விற்கிறவர் வெளியூர்க்காரரா? நல்லது கெட்டதுக்கு அவருக்கும் வெற்றிலை வைத்துத்தானே அழைக்கிறோம்!

"ஒரு பியர்தானே" என்கிறார்கள். அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த ஆய்வைக் கேளுங்கள். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் பத்துக்கு நாலு பேர் பிறகு குடிக்கு அடிமையானார்கள். 20 வயது தாண்டித் தொடங்கியவர்களில் பத்துக்கு ஒருவர்தான்.

தம்பிமாரே, உங்களுக்கு ஒன்று மட்டும். "இந்தப் பொதியைக் குடுத்திட்டு வா" என்று எவனாவது காசு நீட்டினால் கையை நீட்டாதீர்கள். 2022இல் திருத்திய சட்டப்படி 5 கிராம் ஐஸ் போதைப்பொருளுக்கு மரண தண்டனை, அல்லது ஆயுள் சிறை. கொடுத்து அனுப்புகிறவன் பிடிபட மாட்டான், நீ பிடிபடுவாய். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவன் இங்கே நின்றால், உதவி கேட்டு 1927 என்ற இலக்கத்துக்கு ஒரு கோல் எடு. அல்லது இரவோடு இரவாக என் வீட்டுக் கதவைத் தட்டு.

இதை ஓர் ஊரால் மாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். ஐஸ்லாந்தும் எங்களைப்போலக் கடலை நம்பி வாழ்ந்த நாடுதான். 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 42 பேர் ஒரு மாதத்துக்குள் ஒரு தடவையாவது குடித்து வெறித்திருந்தார்கள். 2016இல் அது 5. மேடை போட்டுப் புத்தி சொல்லியா குறைத்தார்கள்? தாய் தகப்பன்மார் கூடி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். மாரியில் இரவு பத்துக்குப் பிறகு பிள்ளை தெருவில் நிற்கக் கூடாதென்று வைத்து, தாங்களே தெருவில் சுற்றி வந்தார்கள். பந்துக்கும் பாட்டுக்கும் அரசு காசு கொடுத்தது. பிள்ளைக்குப் பின்னேரம் போக ஓர் இடம் இருந்தது.

எங்கள் பிள்ளைக்கு மதகுக் கட்டுத்தான் இருக்கிறது!

எங்களால் ஏலாதா? இல்மனைற்றுக்காகக் கரை மண்ணைத் தோண்ட வந்தபோது எதிர்த்து நின்ற ஊர் இது. மண்ணுக்காக நின்ற கால்கள் பிள்ளைக்காக நிற்க மாட்டாவா? 2004இல் கடல் கொண்டுபோன பிள்ளைகளுக்கு 26ஆம் திகதி விளக்கேற்றுவோம். 2006 நவம்பர் 8ஆம் திகதி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் தஞ்சமடைந்திருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்ததை இங்கே மறந்தவர் யார்? அத்தனைக்கும் தப்பி வளர்த்த பிள்ளைகள் அல்லவா இவர்கள்! விளக்கு அணைந்து ஐந்து நாளில் 31ஆம் திகதிப் போத்தலுக்குக் காசு சேர்க்க எப்படி மனம் வருகிறது?

இந்த 31ஆம் திகதி இரவு எந்த வீட்டிலும் போத்தல் திறக்கக் கூடாது. சிகரெட் வாங்கப் பிள்ளையை அனுப்பக் கூடாது. லீவு முழுக்கப் பின்னேரம் நாலு மணியிலிருந்து கரப்பந்து வலை கட்ட வேண்டும். வலை பொத்தத் தெரிந்தவர்கள், கூத்துத் தெரிந்த அண்ணாவிமார், பொடியன்களைப் பக்கத்தில் இருத்திப் பழக்குங்கள். திடலும் வெளிச்சமும் கேட்டு நாளைக் காலை எட்டு மணிக்குப் பிரதேச சபைக்குப் போகிறேன். என்னோடு வருகிறவர்கள் கையைத் தூக்குங்கள். தகப்பன்மார் முதலில்.