சைபர் எழுதிய நோட்டு



வானிலைச் செய்தியில் ஒரு வாசகம் வரும். "இன்று காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில்" என்று தொடங்கும். அதன்பின் ஊர்ப் பெயரும் மழையளவும் வரும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதைக் காதில் வாங்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, லீவா என்று தெரிந்துகொள்ளவாவது கேட்டிருப்பீர்கள். 2023 டிசம்பர் 18 காலை அந்த வாசகத்தை அடுத்து "காயல்பட்டினம் 95 சென்டிமீட்டர்" என்று வந்தது. கேட்டவர்கள் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தார்கள். ஓராண்டில் பெய்ய வேண்டியதற்கும் மேலான மழை ஒரே நாளில் கொட்டியிருந்தது.

சர்வதேச நேரக் கணக்கில் அதிகாலை 3 மணி என்பது நம் கடிகாரத்தில் 8.30. நாடு முழுக்க மழைமானியை அந்த நேரத்துக்குத்தான் பார்க்கிறார்கள். இந்த எட்டரை மணியைப் பற்றித்தான் இன்று பட்டம் பெறும் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

நான் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முதல் பணியிடம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஒரு சிறிய அணை. உதவிப் பொறியாளர் என்று எனக்குப் பெயர். ஆனால் அணையைத் தெரிந்தவர் அங்கே ஒருவர்தான், லஸ்கராக இருந்த ஒரு பெரியவர். மதகைத் திறப்பது, அடைப்பது, நீர்மட்டம் பார்ப்பது, கால்வாய்க் கரையில் நடந்து உடைப்பு இருக்கிறதா என்று கவனிப்பது எல்லாம் அவர் வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

காலை எட்டேகாலுக்கு அவர் மழைமானியிடம் போய் நிற்பார். கம்பி வேலிக்குள், சிமென்ட் மேடையில் முழங்கால் உயரத்துக்கு நிற்கிற ஒரு தகர உருளை அது. மேலே பித்தளை விளிம்பு போட்ட புனல், உள்ளே ஒரு பாட்டில். எட்டரை ஆனதும் புனலைக் கழற்றுவார். பாட்டிலில் இருக்கிற தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றுவார். குவளையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். தண்ணீரின் மேற்பரப்பு ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்திருக்கும் அல்லவா, அந்தக் குழிவின் அடியைப் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரியில் படித்த உங்களுக்கு அது தெரியும். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ, ஒரு நாளும் தவறியதில்லை. அளவைச் சத்தமாக ஒரு முறை சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவார்.

நான் போன புதிதில் கோடை. மாசி, பங்குனி, சித்திரை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. அவர் தினமும் போவார், புனலைக் கழற்றுவார், பாட்டிலைக் கவிழ்த்துப் பார்ப்பார், "சைபர்" என்பார், எழுதுவார். ஒரு நாள் நான் கேட்டேன். "பெரியவரே, ராத்திரி நாம ரெண்டு பேரும் இங்கதான படுத்திருந்தோம். ஒரு சொட்டு விழலன்னு தெரியுமே. உட்கார்ந்த இடத்துல சைபர் போட்டா என்ன?" அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "மழ இல்லன்னு நமக்குத் தெரியும் சார். நோட்டுக்குத் தெரியாதுல்ல?" என்றார்.

அன்று எனக்கு அந்தப் பதில் புரியவில்லை. அடுத்த மாதம் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அவர் நான்கு நாள் ஊருக்குப் போனார். மழைமானி என் பொறுப்பு. முதல் இரண்டு நாள் போனேன். மற்ற இரண்டு நாள் போகவில்லை. அறையிலிருந்தபடியே சைபர் போட்டேன். திரும்பி வந்தவர் புனலைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். புனலின் கழுத்தில் குளவி மண் கூடு கட்ட ஆரம்பித்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. "ரெண்டு நாளா பாக்கலையோ சார்?" என்று மட்டும் கேட்டார். ஒரு குச்சியை எடுத்து அந்த மண்ணைச் சுரண்டி, ஊதி, துணியால் துடைத்து, புனலை மாட்டினார். நோட்டில் என் கையெழுத்தில் இருந்த இரண்டு சைபர்களையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கம் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

அந்த ஆண்டு ஐப்பசியில் ஒரு ராத்திரி மலையில் மழை பிடித்துக்கொண்டது. பாட்டில் நிரம்பி வழிந்தால் கணக்குக் கெட்டுவிடும் என்று கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அரிக்கேன் விளக்கோடு அவர் மூன்று முறை போனார். ஒவ்வொரு முறையும் குவளை குவளையாக அளந்து, அளந்ததை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அதை நனையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். 25 மில்லிமீட்டர் குவளையில் ஏழுக்கு மேல் நிறைந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் வரத்து எவ்வளவு வரும் என்று போனில் மேலிடத்துக்குச் சொன்னோம். விடிவதற்குள் மதகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க அனுமதி வாங்கினோம். கீழே ஆற்றங்கரையில் இரண்டு கிராமங்கள் இருந்தன. தண்டோரா போட்டு ஜனங்களை மேட்டுக்கு ஏற்ற நேரம் கிடைத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

புனல் அடைத்திருந்தால் அந்த ராத்திரி எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது ஒரு பொய்க் கணக்கு. மழையே இல்லாத சித்திரை மாதத்தில் அவர் தினமும் போய்ப் பார்த்தது எதற்கு என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

பிள்ளைகளே, நல்ல பழக்கங்களைப் பற்றி இதே மேடையில் உங்களிடம் எவ்வளவோ பேர் பேசியிருப்பார்கள். அவற்றில் பெரும்பாலும் பழக்கத்தால் கிடைக்கும் பலனைப் பற்றிய பேச்சு. எனக்குச் சொல்ல இருப்பது பலன் தெரியாத நாள்களைப் பற்றி. சென்னையில் ஓராண்டில் மழைநாள் என்று கணக்கில் ஏறுபவை ஏறத்தாழ 60. மிச்சம் 300 நாளும் வெறும் நாள். வாழ்க்கையிலும் அந்த விகிதம்தான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். சென்னைக்கு 1813 முதல் மழைக் கணக்கு இருக்கிறது என்றால், 200 ஆண்டுகளுக்கு மேலாக யார் யாரோ, பெயர் தெரியாத மனிதர்கள், வெறும் நாளிலும் எழுந்து போய்ப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

அந்த வெறும் நாள்கள் உங்களுக்கு அடுத்த வாரமே தொடங்கும். இன்று போட்டோ, மாலை, பிரியாணி எல்லாம் உண்டு. பத்து நாள் கழித்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மத்தியானம் வரும். விண்ணப்பம் போட்ட இடத்திலிருந்து பதில் இருக்காது. தேர்வாணையத்தின் முடிவு வராது. கூடப் படித்தவன் பெங்களூரில் சேர்ந்துவிட்டதாக வாட்ஸாப்பில் போட்டோ வரும். உறவுக்காரர்கள் "இப்ப என்ன பண்ற?" என்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு நானும் இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தேன். அந்த நாள்களில் மனிதனுக்கு முதலில் உடைவது நேரம். எட்டு மணிக்கு எழுந்தவன் பத்துக்கு எழுவான். குளிப்பது மத்தியானத்துக்குப் போகும். பேச்சு குறையும். குளவி கூடு கட்டுவது அப்போதுதான்.

அப்படிப்பட்ட வெறும் நாள்களைக் கடந்த ஒருவர் மதுரையில் இருந்தார். அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ. வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1918இல் பிறந்தவர். பிரசவ மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 30 வயதில் கடுமையான முடக்குவாதம் வந்து படுக்கையில் விழுந்தார். எழுந்தபோது கைவிரல்கள் எல்லாம் கோணிப் போயிருந்தன. பிரசவம் பார்க்க அந்தக் கை உதவாது. கண் மருத்துவம் படிக்கப் போனார். பேனாவைப் பிடிக்கவே திணறிய விரல்களுக்குக் கத்தியைப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். தன் விரலுக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டார். 1976இல், அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு ஒரு வீட்டில் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தக் கோணல் விரல்களால் தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகள் செய்தார். இந்த எண்ணிக்கையை எல்லோரும் வியந்து சொல்வார்கள். நான் நினைத்துப் பார்ப்பது அவர் படுக்கையிலிருந்து எழுந்து விரலை மடக்கப் பழகிய காலத்தை. மடங்காத விரலை மறுநாளும் மடக்கிப் பார்த்த ஒரு நாளை. அன்றைய கணக்கும் சைபர்தானே.

உ.வே. சாமிநாதையரை உங்களுக்குத் தெரியும். 1880இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரிடம், "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டது தமிழுக்குத் திருப்பமான கேள்வி. அந்த நூல் அவர் பதிப்பில் அச்சாகி வந்தது 1887இல். நடுவில் ஏழு ஆண்டுகள். பகலில் கல்லூரியில் பாடம், மற்ற நேரமெல்லாம் ஏடு. ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ஒரு சொல் விளங்காமலே போன நாள்கள் அவருக்கு எத்தனை இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று உங்கள் கைப்பேசியில் வரும் வீடியோக்கள் சொல்கின்றன. 1960இல் வெளிவந்த ஒரு புத்தகத்தில் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், தன் நோயாளிகள் மாறிய முகத்துக்குப் பழக ஏறத்தாழ 21 நாளாவது ஆகிறது என்று எழுதியது, கைமாறிக் கைமாறி இப்படி ஆகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பழக்கம் தானாக வர சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. நடுவில் ஒரு நாள் விட்டுப் போனதால் பெரிய கெடுதல் வரவில்லை. ஆகவே ஒரு நாள் தவறினால் மனம் ஒடிந்துவிடாதீர்கள். மறுநாள் போய்க் குளவி மண்ணைச் சுரண்டிவிட்டுப் புனலை மாட்டுங்கள்.

நீங்கள் எந்தப் பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. அது அவரவர் வீட்டையும் உடம்பையும் பொறுத்தது. நடக்கலாம், பாடம் படிக்கலாம், ஒரு வயதானவரைத் தினம் ஒருமுறை விசாரிக்கலாம். சிறியதாக இருக்கட்டும், நேரம் ஒன்றாக இருக்கட்டும். கைப்பேசியைப் பற்றி மட்டும் ஒரு வேண்டுகோள். காலையில் கண் விழித்ததும் அதை எடுக்காதீர்கள். ஊரில் யாருக்கு எவ்வளவு மழை என்று பார்த்துக்கொண்டே உங்கள் மழைமானியை மறந்துவிடுவீர்கள்.

இன்னொன்று, எழுதிவையுங்கள். ஒரு 40 பக்க நோட்டு போதும். அந்த நாளில் என்ன செய்தேன் என்று இரண்டு வரி. ஒன்றும் செய்யவில்லை என்றால் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதுங்கள். அதையும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரு நாள் முழுக்க வீணாகிவிட்டது என்று நினைத்து எழுத உட்கார்ந்தால், தங்கைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் வரும், அப்பாவோடு சேர்ந்து தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது ஞாபகம் வரும். பாட்டிலைக் கவிழ்த்தால் சில சமயம் அரை மில்லிமீட்டர் இருக்கும். நாம் தூங்கும்போது தூறியிருக்கும். என் கெட்ட காலங்களில் என்னை நிமிர்த்தி உட்காரவைத்தவை அந்த அரை மில்லிமீட்டர்கள்தான்.

பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களே, தகப்பன்மார்களே, முதல் பஸ்ஸுக்குப் பிள்ளையை அனுப்ப நாலரை மணிக்கு அடுப்பு மூட்டிய நாள்களை உங்களில் யாரும் எண்ணி வைத்திருக்க மாட்டீர்கள். இந்தப் பட்டத்துக்குப் பின்னால் அந்த நாள்கள் இருக்கின்றன. இந்தச் சபையின் சார்பில் உங்களை வணங்குகிறேன்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு முறை அந்த அணைக்குப் போயிருந்தேன். அலுவலக அலமாரியில் பழைய நோட்டுகள் இருந்தன. சித்திரை மாதப் பக்கங்களைப் புரட்டினேன். வரிசையாகச் சைபர், ஒவ்வொன்றும் முழு வட்டமாக, அவசரமில்லாமல் போட்டது. வெளியே வேறொரு லஸ்கர், இருபத்தைந்து வயதுப் பையன், எட்டரைக்கு மழைமானியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். அன்றும் வெயில்தான்.

பிள்ளைகளே, இன்று ராத்திரி கொண்டாட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், தூங்கும் முன் ஒரு நோட்டை எடுத்து இன்றைய தேதியைப் போட்டு முதல் இரண்டு வரியை எழுதிவிடுங்கள். நாளையும் மறுநாளும் எழுதுங்கள்.