கப்பல் வந்தால் ஊருக்கு என்ன வரும்?

(தொழிலாளர் படிப்பு வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)



சென்ற வகுப்பு முடிகிற சமயத்தில் நம் வாலிபத் தோழர் ஒருவர் ஒரு கேள்வி போட்டார். "ஆயிரக்கணக்கான பிரயாணிகளை ஏற்றிக் கொண்டு உல்லாசக் கப்பல் ஒரு துறைமுகத்துக்கு வருகிறது. கையில் காசுள்ளவர்கள் ஊருக்குள் இறங்குகிறார்கள். அந்த ஊர் ஜனங்களுக்கு அது நல்லதுதானே? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?" என்றார். அன்று நேரமாகி விட்டது. இராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் எழுந்து விட்டார்கள். ஆகவே இன்று அதையே எடுத்துக் கொள்வோம். 2022 ஜூனில் நமது சென்னைத் துறைமுகத்திலிருந்தே இப்படிப்பட்ட கப்பல் ஓடத் தொடங்கியது. கேள்வி நமக்குத் தூரத்துக் கேள்வி அல்ல.

ஆனால் இதில் அடிபட்டு அனுபவப்பட்ட ஊர்கள் வேறு. அமெரிக்காவின் தென்கோடியில், கியூபாவுக்கு 90 மைல் தூரத்தில், கீ வெஸ்ட் என்று ஒரு தீவு நகரம் இருக்கிறது. நாலு மைல் நீளம், ஒரு மைல் அகலம். ஜனத்தொகை சுமார் 26,000. சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் அது சுருட்டுத் தொழிலாளர்களின் ஊர். கியூபாவிலிருந்து வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்டுச் சுற்றுவார்கள். ஒருவர் உயரமான ஆசனத்தில் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். படிப்பவருக்குக் கூலி கொடுப்பது முதலாளி அல்ல, தொழிலாளர்களே. நம் பக்கத்துக் கண்ணூர் பீடித் தொழிலாளிகளும் இப்படிப் படிக்க வைத்துக் கேட்டவர்கள்தாம். பின்னர் சுருட்டுத் தொழில் டாம்பாவுக்குப் பெயர்ந்தது. 1934ல் நகரசபை கடனில் மூழ்கித் திவாலாகி நிர்வாகத்தையே மேலிடத்தில் ஒப்படைத்தது. ஊரைப் பிழைக்க வைக்க அப்போது கண்டுபிடித்த வழிதான் உல்லாசப் பிரயாணிகள். அது முதல் அந்த ஊருக்கு அதுவே தொழில்.

முதலில் கப்பலைப் பார்ப்போம். 2024ல் ஓடத் தொடங்கிய ஒரு பெரிய கப்பலில் நிறைந்தால் 7,600 பிரயாணிகள் ஏறலாம். வேலையாட்கள் 2,350 பேர். கம்பெனிகளின் காரியாலயங்கள் மியாமி நகரத்தில் இருக்கின்றன. ஆனால் காகிதத்தில் ஒரு பெரிய கம்பெனி லைபீரியா தேசத்துக் கம்பெனி. கப்பலில் பறப்பது பஹாமாஸ் கொடியாகவோ பனாமா கொடியாகவோ இருக்கும். வரி எங்கே குறைவோ, தொழிலாளர் சட்டம் எங்கே தளர்வோ, அங்கே பதிவு. அறை கூட்டுகிறவன், தட்டுக் கழுவுகிறவன் எல்லாம் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா முதலிய நாடுகளின் பிள்ளைகள். சர்வதேச கடல் தொழிலாளர் ஒப்பந்தம் வாரத்துக்கு 77 மணி ஓய்வு கொடுத்தால் போதும் என்று ஒரு வழியும் வைத்திருக்கிறது. கழித்துப் பாருங்கள்: 91 மணி நேரம் வேலை வாங்கலாம், சட்டப்படி. எட்டு மணி வேலைக்காகச் சங்கம் வைத்த நமக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கப்பல் காலையில் ஒரு ஊருக்கு வருகிறது, மாலையில் போய்விடுகிறது. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கப்பல் புறப்படுகிற ஊர் வேறு, நடுவழியில் நின்று போகிற ஊர் வேறு. மியாமி போன்ற புறப்படுகிற ஊரில் பிரயாணி முதல் நாளே வந்து ஓட்டலில் தங்குவான், டாக்ஸிக்காரனுக்கு வேலை, கப்பலுக்கு வேண்டிய மாவும் இறைச்சியும் காய்கறியும் ஏற்றத் துறைமுகத் தொழிலாளிக்கு வேலை. அந்த ஊருக்கு வரும்படி இல்லை என்று சொன்னால் அது பொய். நின்று போகிற ஊரிலோ கயிறு பிடித்துக் கட்ட நாலைந்து ஆட்கள் போதும். நாம் கீ வெஸ்ட்டைப் பற்றிப் பேசுகிறோம். அது நின்று போகிற ஊர்.

பிரயாணி இறங்குகிறான். அவன் சாப்பாட்டுக்கு முன்கூட்டியே கப்பலில் பணம் கட்டியாயிற்று. மத்தியானம் பசித்தால் கப்பலுக்கே திரும்புவான். ஊர் ஓட்டலில் எதற்கு இன்னொரு முறை செலவழிக்க வேண்டும்? தூங்குவதும் கப்பலில். ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸுக்கும் படகுக்கும் சீட்டு கப்பலுக்குள்ளேயே விற்கிறார்கள். அந்தக் கட்டணத்தில் பாதி வரைகூடக் கம்பெனி எடுத்துக் கொள்வது உண்டு. மீதியில்தான் ஊர்க்காரன் டீசல் போட்டு, டிரைவருக்குக் கூலி கொடுத்து, தானும் பிழைக்க வேண்டும். எந்தக் கடையில் சாமான் வாங்கலாம் என்றும் கப்பலிலேயே சிபாரிசு. சிபாரிசு பெறக் கடைக்காரன் பணம் கட்ட வேண்டும். பழைய தேயிலைத் தோட்டத்துக் கங்காணி கடையை நம்மில் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கூலியும் அவன் கையில், அரிசியும் அவன் கடையில்.

ஆகவே கணக்கு எப்படி வருகிறது? கீ வெஸ்ட்டில் பெரிய கப்பல்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று கிளம்பியவர்கள் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார்கள். ஊருக்கு வருகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கப்பலில் வருகிறவர்கள். ஆனால் வருகிறவர்கள் செலவழிக்கும் பணத்தில் அவர்கள் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. தெருவில் நெரிசல் பாதி, பெட்டியில் விழுவது அவ்வளவுதான்.

கடலுக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். பெரிய கப்பலின் விசிறி ஆழமில்லாத கால்வாயின் சேற்றைக் கலக்கி விடுகிறது. அந்தச் சேறு பவளப் பாறைமேல் படிகிறது, மீன் ஒதுங்குகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்து கப்பல்கள் நின்றன. 2021 பிற்பகுதி வரை பெரிய கப்பல் வரவில்லை. தண்ணீர் தெளிந்தது என்று தூண்டில் மீன்பிடிப்புக்கு ஆட்களை அழைத்துப் போகும் படகுக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள்தாம் இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்கள். கப்பல் இல்லாவிட்டால் ஊர் பட்டினி கிடக்கும் என்றார்கள் அல்லவா? கிடக்கவில்லை. 2021ல் சாலை வழியாகவும் விமானத்திலும் வந்து தங்கியவர்களால் ஓட்டல்கள் நிறைந்தன.

2020 நவம்பர் 3ந் தேதி ஊர் ஜனங்கள் வாக்களித்தார்கள். மூன்று பிரேரணைகள். பிரயாணிகளும் வேலையாட்களும் சேர்ந்து 1,300 பேருக்கு மேல் ஏற்றக்கூடிய கப்பல் வரக் கூடாது. ஒரு நாளைக்கு 1,500 பேருக்கு மேல் இறங்கக் கூடாது. சுத்தத்திலும் சுகாதாரத்திலும் நல்ல பெயருள்ள கப்பலுக்கு முதல் இடம். முதல் இரண்டுக்கும் நூற்றுக்கு 60க்கு மேல் ஆதரவு. மூன்றாவதற்கு 80 அளவில். எதிர்த்தவர்கள் யார்? துறையை நடத்துகிறவர்கள், கப்பலை வழிகாட்டி உள்ளே கொண்டுவரும் பைலட்டுகள், கடைத்தெருவில் சட்டையும் தொப்பியும் விற்கும் சில வியாபாரிகள். இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். சிறு கடைக்காரன் அன்றாட வியாபாரத்தை நினைத்துப் பயப்படுகிறான். அவன் பயம் நிஜமான பயம்.

வாக்கு என்ன ஆயிற்று? மறு வருஷம், 2021 ஜூன் இறுதியில், புளோரிடா மாநில சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. துறைமுகக் கப்பல் போக்குவரத்தை உள்ளூர் வாக்கெடுப்பின் மூலம் கட்டுப்படுத்தக் கூடாது. முன்பு நடந்த வாக்கெடுப்பும் செல்லாது. ஊரார் தங்கள் கையால் போட்ட வாக்கு குப்பைக்குப் போயிற்று. கீ வெஸ்ட்டில் தனியார் துறை ஒன்று இருக்கிறது. அதன் சொந்தக்காரருடைய கம்பெனிகள் கவர்னரின் அரசியல் நிதிக்குக் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் கொடுத்திருந்தன என்று பத்திரிகைகள் எழுதின.

தோழர்களே, ஊருக்கும் கம்பெனிக்கும் நடக்கிற பேரத்தில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. ஊர் நகர முடியாது, கப்பல் நகரும். நம் மில் முதலாளி "இங்கே கூலி கேட்டால் மில்லை வேறு ஊருக்குக் கொண்டு போவேன்" என்று மிரட்டுவார். மில்லைக் கொண்டுபோக அவருக்கு வருஷக் கணக்காகும். கப்பலைத் திருப்ப ஒரு சுக்கான் போதும். வடக்கே அலாஸ்காவில் 2006ல் ஜனங்கள் வாக்களித்து, பிரயாணி ஒருவருக்கு 50 டாலர் அளவுக்கு வரி போட்டார்கள். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. சில கப்பல்களை வேறு கடலுக்குத் திருப்பின. 2010ல் வரி 34.50 டாலருக்கு இறங்கியது. மெக்ஸிகோ 2024 டிசம்பரில் தலைக்கு 42 டாலர் வரி என்று சட்டம் செய்தது. கம்பெனிகள் கூச்சல் போட்டன. பேச்சுவார்த்தை நடந்தது. 2025 ஜூலையில் வசூலிக்கத் தொடங்கியபோது அது 5 டாலர். 2028க்குள் படிப்படியாக 21க்கு ஏறும் என்று ஏற்பாடு. ஆயிரக்கணக்கில் கொடுத்து உல்லாசம் போகிறவனிடம் ஒரு தேசத்து சர்க்கார் 42 டாலர் கேட்டு வாங்க முடியவில்லை. கரீபியன் கடலில் தீவுகள் பல. ஒன்று வரி கேட்டால் அடுத்தது "நம்மிடம் வாருங்கள்" என்கிறது. எல்லாத் தீவுகளும் சேர்ந்து ஒரே வரி போட 1990களில் முயன்றார்கள், கட்டுப்பாடு நிற்கவில்லை. கருங்காலி இல்லாமல் வேலைநிறுத்தம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும்.

இன்னொரு படி மேலே போயிருக்கிறார்கள். ஊரே வேண்டாம் என்கிறார்கள். ஹைட்டி தேசத்தில் லாபடீ என்ற கடற்கரையை ஒரு கம்பெனி 1986 முதல் குத்தகைக்கு எடுத்து வேலி போட்டுக் கொண்டது. பஹாமாஸில் கம்பெனிகள் சொந்தத் தீவே வைத்திருக்கின்றன. 2025 ஜூலையில் அங்கே இன்னொரு கம்பெனி தன் சொந்தத் துறையையும் கடற்கரையையும் திறந்தது. அங்கே சாப்பாடும் கம்பெனி, குடியும் கம்பெனி, மணலும் கம்பெனி!

இப்போது பின்வரிசையில் இருக்கும் தோழர் கை தூக்குகிறார். கேட்பது புரிகிறது. "கப்பலை நிறுத்திவிட்டால் அதை நம்பி இருக்கிற தொழிலாளி எங்கே போவான்?" இதுதான் உண்மையான கேள்வி. இதைத் தட்டிக் கழித்துவிட்டுப் பேசுகிறவனை நம்பாதீர்கள்.

இத்தாலியில் வெனிஸ் நகரத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. 2019 ஜூன் 2ந் தேதி ஒரு பெரிய கப்பல் கட்டுப்பாடு இழந்து துறையிலும், அங்கே நின்ற பிரயாணிப் படகிலும் மோதியது. பல வருஷமாக ஊரார் சொன்னது கண்ணெதிரில் நடந்தது. 2021 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நகரத்தின் நடுவே போகக் கூடாது என்று சர்க்கார் தடுத்தது. துறைத் தொழிலாளர்கள் "எங்கள் பிழைப்பு?" என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. தொழிலாளர்களுக்கு உதவிப் பணமும் அந்த உத்தரவிலேயே ஒதுக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் ஆலைகள் இருக்கும் மார்கேரா துறைப் பக்கம் திருப்பப்பட்டன.

அலாஸ்காவின் ஜூனோ நகரம் வேறு மாதிரி. ஜனத்தொகை சுமார் 32,000. 2023ல் கப்பலில் வந்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். கோடைக்கால வருமானத்தில்தான் குளிர்காலத்தைத் தள்ளுகிற குடும்பங்கள் அங்கே நிறைய. 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பல் என்று கம்பெனிகளோடு உடன்பாடு செய்தார்கள். சனிக்கிழமைகளில் கப்பலே வேண்டாம் என்ற பிரேரணை 2024 அக்டோபரில் வாக்குக்கு வந்தது. தோற்றுவிட்டது. ஜனங்கள் யோசித்து, கணக்குப் போட்டுத்தான் வாக்களித்தார்கள். அதை நாம் குறை சொல்வதற்கில்லை. கப்பல் வேண்டுமா வேண்டாமா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எத்தனை கப்பல், என்ன வரி, எந்தத் துறை என்பதை யார் தீர்மானிப்பது என்று கேட்கிறோம்.

கீ வெஸ்ட்டில் கப்பல் போய்விட்டால் பாலாறு ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். தங்கிப் போகிற பணக்காரனால் வேறு தொல்லை. வீடுகளை அவர்களுக்கே வாடகைக்கு விடுகிறார்கள். படுக்கை விரிக்கிற தொழிலாளிக்கு அந்தத் தீவில் குடியிருக்க இடம் கட்டுப்படியாவதில்லை. வெளித் தீவுகளிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள் பலர். வாக்களித்தவர்களில் வசதிக்காரர்களும் உண்டு. அவர்களுக்குக் கடல் தெளிந்தால் போதும். தொழிலாளியின் கேள்வி அதோடு முடியாது.

வாக்கு செல்லாது என்று சட்டம் வந்த பிறகு அந்த ஊரார் என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். வாக்கெடுப்பைத்தான் மாநில சர்க்கார் தடுத்தது. நகரசபை தன் பொறுப்பில் உள்ள துறையில் கப்பலை ஏற்பதா இல்லையா என்பது நகரசபையின் கையில். ஊரார் விடாமல் கூட்டத்துக்குக் கூட்டம் போய் உட்கார்ந்தார்கள். 2022ல் நகரசபை தன் பொறுப்பில் இருந்த இரண்டு துறைகளிலும் பெரிய கப்பல்களை ஏற்பதில்லை என்று முடிவு செய்தது. தனியார் துறைக்கு வருவதை மட்டும் நிறுத்த முடியவில்லை. இரண்டில் ஒன்று மல்லோரி சதுக்கத்துத் துறை. அந்தி சாயும் நேரத்தில் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க அங்கே ஊர் ஜனங்கள் கூடுவார்கள். வேடிக்கை காட்டுகிறவனும் தின்பண்டம் விற்கிறவனும் அந்தக் கூட்டத்தில் நாலு காசு பார்ப்பான்.

மற்ற கேள்விகளை இப்போது கேட்கலாம்.