தேசிக்காய்த் தோலும் நுண்ணங்கிகளும்

சிறுபராயத்தில் தோடம்பழத் தோலை விளக்குச் சுடரின் அருகே மடித்துப் பிழிந்து விளையாடாதவர் நம்மிற் சிலரே. பிழிந்த கணமே சுடர் சடசடவென்று பொறி சிந்தும். தோலிலுள்ள நுண்ணிய பைகள் உடைந்து தெறிக்கும் வாசனை எண்ணெயே அவ்வாறு எரிகின்றது. அவ்வெண்ணெயைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. எமது பாடசாலை மாணவன் ஒருவன் காலிற் புண்ணுடன் வந்தான். தேசிக்காய்த் தோலை அரைத்துப் புண்மேல் வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டுக்கு வெளியே சாறு கசிந்த இடமெங்கும் தோல் சிவந்து கொப்புளித்திருந்தது. தாயாரை அழைத்து வினவினேன். "தேசிக்காய்த் தோல் கிருமியைக் கொல்லும் என்று பத்திரிகையிலே போட்டிருந்தது, ஐயா. அது பொய்யோ?" என்று கேட்டார். நான் கலை பயின்றவன். உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் விஞ்ஞான ஆசிரியரை உசாவியும் நூல்களைப் படித்தும் அறிந்தவற்றையே இப்பொழுது சொல்கின்றேன்.

அது பொய்யன்று. ஆய்வுகூடத்திலே கண்ணாடிக் கிண்ணமொன்றில் ஏகார்க் கூழை உறையவைத்து, அதன்மீது பற்றீரியாக்களைப் பரப்புவார்கள். தோலின் எண்ணெயில் தோய்த்த சிறு கடதாசி வட்டத்தை அதன் நடுவில் வைத்து, 37 பாகை வெப்பத்தில் ஓரிரவு விடுவார்கள். மறுநாள் கிண்ணமெங்கும் பற்றீரியா படர்ந்திருக்க, கடதாசியைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம் ஒன்று தோன்றும். தோடந்தோல் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் லிமனீன் என்னும் பொருளாகும். இத்தகைய பொருள்கள் பற்றீரியாவின் மென்சவ்வைக் குலைப்பதனால் அதன் உட்பொருள் கசிந்து அது மடிகின்றது.

எனினும் எல்லாப் பற்றீரியாக்களும் ஒரே விதமாய் மடிவதில்லை. 1884 ஆம் ஆண்டில் டென்மார்க்கு வைத்தியர் கிராம் என்பவர் வகுத்த நிறமூட்டல் முறையால் அவை இரு பெரும் பிரிவாகும். புண்ணைச் சீழ்ப்பிடிக்கச் செய்யும் ஸ்ரபிலோகொக்கஸ் போன்றவை எண்ணெய்க்கு எளிதில் இடங்கொடுக்கும். குடலில் வாழும் கோலிப் பற்றீரியா போன்றவற்றுக்கு மேலும் ஒரு புறச்சவ்வு கவசமாய் அமைந்திருத்தலின், அவை பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும்.

அன்றியும், கிண்ணம் வேறு, உடல் வேறு. பெனிசிலின் மிகச் சிறிய அளவிலேயே செய்யும் வேலைக்கு எண்ணெய் பன்மடங்கு வேண்டும். பற்றீரியாவின் சவ்வைக் குலைக்கும் பொருள் நம் தோலின் கலங்களை மட்டும் விட்டுவிடுமோ? மேலும், தேசிக்காய்த் தோலில் ஃபூரோகூமரின் என்னும் பொருள்கள் உள. அவை பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். வெயிலில் நடந்து வந்த அச்சிறுவனுக்கு நேர்ந்தது அதுவே.

இன்னொரு செய்தியும் கேளுங்கள். தேசிக்காயின் இனத்ததாகிய கிறேப்புருட் பழத்தின் விதைச்சாறு கிருமிகொல்லி என விற்கப்பட்டது. 1999 ஆம் ஆண்டில் ஜேர்மனிய ஆராய்ச்சியாளர் அத்தகைய ஆறு சாறுகளைச் சோதித்தனர். ஐந்து கிருமிகளை அடக்கின. அவ்வைந்திலும் பென்செதோனியம் குளோரைட்டு என்ற செயற்கை இரசாயனம் கலந்திருந்தது. கலப்பற்ற ஆறாவது சாற்றுக்கோ அந்த ஆற்றல் இருக்கவில்லை. ஆகவே, வளையத்தைக் கண்டால் மட்டும் போதாது. அதனை உண்டாக்கியது எது, எவ்வளவு என்றும் கேட்டல் வேண்டும்.

உணவு கெடாது காக்க இவ்வெண்ணெய்கள் உதவுமா என ஆராய்வோர் உளர். அது பயனுள்ள முயற்சியே. புண்ணுக்கோ சுத்தமான நீரும் சவர்க்காரமும், ஆழமாயின் வைத்தியசாலையுமே வழி.

அந்தத் தாயாருக்கு நான் கூறிய விடையும் இதுவே: "பத்திரிகை சொன்னது பொய்யன்று, அம்மா, அது கிண்ணத்திலே கண்ட மெய்." சிறுவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார்கள்; புண் ஆறிவிட்டது. தேசிக்காய்ச் சாறு வழிந்த கருந்தடம் மட்டும் அதன் பின்னும் பல வாரங்கள் அவன் காலில் இருந்தது.